கொல்லையில் ஒரு பெரிய ஆமை: வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

குட்டி நில ஆமை உள்ளங்கையில் அடங்கும். முப்பது, நாற்பது கிராம் இருக்கும். குரைக்காது, வாசலில் வருவோரைத் துரத்தாது, கொஞ்சம் கீரை போட்டால் தின்றுவிட்டு மூலையில் கிடக்கும். பார்த்ததும் வாங்கிவிடத் தோன்றுவது இயல்புதான். பெரிய ஊர்களின் வளர்ப்புப் பிராணிக் கடைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் 'சல்கேட்டா' என்ற பெயரில் விற்பனைக்கு வரும் குட்டி இதுதான். இதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. செனகலில் தொடங்கி எத்தியோப்பியா வரை, சகாராவின் தெற்கு விளிம்பில் உள்ள வறண்ட புல்வெளிகளில் வாழ்வது. கலாபகஸ் தீவு ஆமை, அல்டாப்ரா தீவு ஆமை இரண்டையும் விட்டால் உலகின் மிகப் பெரிய நில ஆமை இதுவே. வளர்ந்த ஆண் ஆமை நாற்பது, ஐம்பது கிலோவை எளிதாக எட்டும். நூறு கிலோவைத் தொட்டவையும் உண்டு. எழுபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருக்கும்.

சென்னை அடுக்குமாடியில் இருப்பவர் இதை வளர்க்கலாமா என்று கேட்டால் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அரியலூர்ப் பக்கம் கீழப்பழுவூரில் கொல்லையும் கிணறும் வைக்கோல்போரும் உள்ள வீட்டுக்காரர் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. அவரிடம் நிலம் இருக்கிறது, புல் இருக்கிறது, வெயிலுக்குக் குறைவே இல்லை. அவருக்குக் காரண காரியத்தோடு பதில் சொல்ல வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மண்ணிலும் இந்த மழையிலும் இதை நன்றாக வளர்க்க மிகச் சிலரால் முடியும், மற்றவர்கள் ஆசையோடு வாங்கி, பத்து வருடத்தில் தவிப்பார்கள், ஆமையும் தவிக்கும்.

அதற்குமுன் நம் ஊர் ஆமைகளைப் பற்றி ஒரு வார்த்தை. புதர்க்காட்டு ஓரங்களிலும் வயல் வரப்பிலும் சில நேரம் தென்படும் நட்சத்திர ஆமையை, அதாவது கருமையான ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம்போல் விரியும் அந்தச் சின்ன ஆமையை, வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் அது முன்பு நான்காவது அட்டவணையில் இருந்தது. 2022-ல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தபோது, புலிக்கும் யானைக்கும் இணையாக முதல் அட்டவணைக்குப் போய்விட்டது. பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். இவ்வளவு கடுமை ஏன் என்றால், உலகில் மிக அதிகமாகக் கடத்தப்படும் நில ஆமை இது. ஆந்திர - கர்நாடக எல்லைப் பகுதியில் ஓர் இடத்திலிருந்து மட்டும் ஒரே ஆண்டில் 55,000 ஆமைகளாவது பிடிக்கப்பட்டிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சென்னை விமான நிலையத்தில் சூட்கேஸுக்குள் துணியோடு துணியாகச் சுருட்டி வைக்கப்பட்ட நட்சத்திர ஆமைகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. 2019-ல் சைட்ஸ் என்னும் உலக வணிக உடன்படிக்கையும் இதை முதல் இணைப்பில் சேர்த்து, நாடு விட்டு நாடு விற்பதை நிறுத்தியது.

ஏரி குளத்தில் இருக்கும் பாலாமைக்கும் இதே சட்டம்தான். மீன் வலையில் சிக்கினால் எடுத்து அதே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். தொட்டியில் போட்டு வளர்க்கக் கூடாது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பெரியவர்கள் சொன்ன காலத்தில் அந்தப் பயமே ஆமைக்கு ஓரளவு காவலாக இருந்தது. இன்று ஆமை இருந்தால் பணம் சேரும் என்று சொல்லி விற்கிறார்கள். இந்த இரண்டாவது நம்பிக்கையால் ஆமைகளுக்கு நேரும் சேதம் மிகப் பெரிது.

ஆமை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டுப் பாறைகளில் டைனோசர் காலத்து ஆமையின் புதைபடிவம் கிடைத்து, 2001-ல் அதற்குக் 'கூர்மாடெமிஸ் கல்லமேடென்சிஸ்' என்று அந்த ஊரின் பெயரையே சேர்த்துப் பெயரிட்டார்கள். கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போனால், இங்கே கடல் இருந்த காலத்தின் சுவடுகளைக் கண்ணால் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு ஆமை மீது ஆர்வம் என்றால் அங்கே கூட்டிப் போவது நல்ல தொடக்கம்.

இனி வெளிநாட்டு ஆமை. 'இது நம் நாட்டு விலங்கு இல்லை, அதனால் சட்டம் கிடையாது' என்று விற்பவர்கள் சொல்வது பழைய கதை. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்கலாம் என்று ஒரு வாய்ப்பைத் தந்தது. பிறகு 2022 திருத்தத்தில், சைட்ஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்கென்றே சட்டத்தில் தனி அட்டவணை வந்தது. 2024 பிப்ரவரியில் அதற்கான பதிவு விதிகளும் வந்துவிட்டன. சல்கேட்டா, அல்டாப்ரா இரண்டுமே அந்தப் பட்டியலில் உள்ளவை. ஆகவே வைத்திருப்பவர் 'பரிவேஷ்' இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும், குட்டி பொரித்தாலும், செத்துப்போனாலும் தெரிவிக்க வேண்டும். வாங்கப் போகிறவர் செய்ய வேண்டியது எளிது: விற்பவரின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். இல்லை என்றாலோ, 'அப்புறம் அனுப்புகிறேன்' என்றாலோ பணத்தை எடுக்காமல் திரும்பிவிடுங்கள். கடத்தி வந்த குட்டியை வாங்கிவிட்டால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

சரி, சான்று இருக்கிறது. அடுத்த கேள்வி, உங்களுக்குப் பிறகு யார்? நில ஆமை வளர்ப்பில் பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. கல்கத்தா அலிப்பூர் உயிரியல் பூங்காவில் 'அத்வைதா' என்றொரு அல்டாப்ரா ஆமை இருந்தது. ராபர்ட் கிளைவின் தோட்டத்தில் வளர்ந்தது என்று சொல்வார்கள். 1870-களில் பூங்காவுக்கு வந்து, 2006 மார்ச்சில் இறந்தது. வயது 250-க்கு மேல் என்ற கணக்கை விட்டுவிடுவோம். பூங்காவுக்குள் மட்டுமே அது வாழ்ந்தது சுமார் 130 ஆண்டு. செயின்ட் ஹெலினா தீவில் ஆளுநர் மாளிகைப் புல்வெளியில் மேயும் 'ஜொனாதன்' 1882-ல் அங்கே வந்தபோதே முழுதாக வளர்ந்த ஆமை. சல்கேட்டா இவ்வளவு நாள் இருக்காது. ஆனால் முப்பது வயதில் நீங்கள் வாங்கும் குட்டி, நீங்கள் நூறு வயது வாழ்ந்தாலும் உங்களோடு இருக்கும். மகன் சிங்கப்பூரில், மகள் கோயம்புத்தூரில் என்று பிள்ளைகள் பிரிந்துபோகும் வீடுகளே இன்று அதிகம். கொல்லை பாகம் பிரியும், மனையாகும், வீடு எழும். அப்போது நாற்பது கிலோ ஆமை எங்கே போகும்? வாங்குமுன் வீட்டில் இருக்கும் இளையவர் ஒருவர் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று மனதாரச் சொல்ல வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால், சட்டமும் பணமும் சரியாக இருந்தாலும் வாங்காதீர்கள் என்பேன்.

இப்போது மண்ணும் மழையும். சல்கேட்டா தோண்டியே வாழும் விலங்கு. முன்கால்களில் கூழாங்கல்போல் தடித்த செதில்கள் வரிசையாக இருக்கும். ஒரு காலை மண்ணில் ஊன்றி, மறு காலால் வாரி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி மண்ணைப் பின்னே தள்ளும். பிறகு ஓட்டாலேயே அந்த மண்ணை வெளியே நெட்டித் தள்ளும். அதன் ஊரில் பகல் சூடு தாங்காமல் மூன்று மீட்டர் ஆழத்துக்கும் மேல் வளை தோண்டி அதற்குள் கிடக்கும். வெப்பம் மிஞ்சினால் வாயிலிருந்து நீர் வடியவிட்டு முன்கால்களில் பூசிக்கொள்ளும். சேறு கிடைத்தால் அதில் புரளும். சித்திரை வெயிலில் நாற்பது டிகிரியைத் தொடும் நம் பகுதியில் இது உதவும். ஐப்பசி பிறந்ததும் பிரச்சினை தொடங்குகிறது. அரியலூர்ப் பக்கத்துக் கரிசல் மண் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பி வழுக்கும். வடகிழக்குப் பருவமழை நான்கு நாள் அடைத்துப் பெய்தால், அதில் தோண்டிய வளை ஆமையோடு சேர்ந்து இடிந்து மூடிக்கொள்ளவும் கூடும், தண்ணீர் நிரம்பவும் கூடும். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது.

குளிரும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். வறண்ட குளிரை ஓரளவு தாங்கும் ஆமை, மழையில் நனைந்து ராத்திரி முழுக்க சேற்றில் கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும். மூக்கில் குமிழி வரும், வாயைத் திறந்து மூச்சு விடும், தீனியைத் தொடாது. ஆமைக்கு உதரவிதானம் கிடையாது; நம்மைப்போல இருமிச் சளியைத் துப்ப முடியாது. அதனால் நோய் மெல்ல முற்றிக்கொண்டே போகும். பார்ப்பவர்களுக்கு அது சும்மா தூங்குவதுபோலத்தான் தெரியும்.

ஆகவே வளையை நம்பாதீர்கள், நீங்களே ஒரு கொட்டில் கட்டுங்கள். தரையிலிருந்து ஓரடிக்கு மேடை உயர்த்தி, ஹாலோ பிளாக் கல்லில் மூன்று பக்கமும் சுவர் எழுப்பி, மேலே கீற்றோ ஓடோ போட்டு, உள்ளே காய்ந்த வைக்கோல் பரப்ப வேண்டும். ஏறி இறங்க சரிவான மேடு போதும், படி ஏறாது. தகரக் கூரை வேண்டாம், கோடையில் உள்ளே வேகும். சுற்றிலும் குறைந்தது இரண்டு, மூன்று சென்ட் திறந்த நிலம் வேண்டும். அதன் மதில் இரண்டடிக்கு மேல் உயரமாக, அடியில் ஒன்றரை அடியாவது மண்ணுக்குள் இறங்கியதாக இருக்க வேண்டும். கம்பி வலை உதவாது. வலைக்கு அந்தப் பக்கம் தெரிகிறது என்றால் ஆமை அந்தப் பக்கம் போகத்தான் பார்க்கும். நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும், நாற்பது கிலோ முட்டினால் வலையும் கம்பமும் சாயும். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போக அது முயல்வதில்லை, அதனால் கல்சுவர்தான் சரி. சிமெண்டு விளையும் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

ஒற்றை ஆமை போதும். துணை இல்லாமல் வாடுமே என்று பரிதாபப்பட்டு இன்னொன்று வாங்குவார்கள். ஆமைக்கு அந்த ஏக்கம் கிடையாது. இரண்டு ஆண் ஆமைகள் சேர்ந்தால், கழுத்துக்குக் கீழே ஏர்க்கொழுபோல் நீளும் ஓட்டு முனையால் ஒன்றை ஒன்று புரட்டப் பார்க்கும். மல்லாந்துபோன ஆமை நிமிர முடியாமல் உச்சிவெயிலில் கிடந்தால் சில மணி நேரத்தில் செத்துவிடும். ஆணும் பெண்ணுமாக வைத்தால் ஒரு ஈட்டுக்கு இருபது முட்டை, ஆண்டில் பல ஈடு. அத்தனை குட்டிகளுக்கும் பதிவும் இடமும் தேட வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் இப்படிப் பெருகிய சல்கேட்டாக்களை வளர்க்க முடியாமல் மக்கள் கொண்டுவந்து விடுவதால் மீட்பு மையங்கள் திணறுகின்றன. அதே விலங்கு தன் சொந்த ஆப்பிரிக்காவில் அருகி வருகிறது.

தீனி விஷயத்தில் கீழப்பழுவூர்க்காரர்களுக்கு நல்ல வசதி உண்டு. இது மேயும் விலங்கு, மாட்டைப்போலப் புல்தான் இதன் சாப்பாடு. வயிற்றில் நார் நொதித்துத்தான் இதற்குச் சத்துக் கிடைக்கிறது. அறுகம்புல், வரப்புப் புல், மாட்டுக்குப் போடும் கோ-4 தீவனப்புல்லின் இளந்தழை, காய்ந்த புல் ஆகியவை நூற்றுக்கு எண்பது பங்கு இருக்க வேண்டும். மீதிக்கு செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி. முருங்கைக் கீரையில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு, கொஞ்சமாகப் போடலாம். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டால் கணவாயின் உள்ளோடு தருவார்கள். ஒரு துண்டை மூலையில் போட்டு வைத்தால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும். சோறு, இட்லி, பால், பிஸ்கட், நாய்த் தீவனம் எதுவும் வேண்டாம். அன்போடு ஊட்டும் வாழைப்பழம்கூட இதற்கு நல்லதல்ல. சர்க்கரை குடலின் நுண்ணுயிரிகளைக் குலைத்து வயிற்றுப்போக்கில் கொண்டு விடும். பூச்சி மருந்து தெளித்த வயல் வரப்பில் புல் அறுக்காதீர்கள். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் ஊரில் இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். வேலியோரத்தில் அரளி, ஊமத்தை, உண்ணிச்செடி இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். மூன்றுமே நஞ்சு.

குட்டிக்கு மட்டும் கணக்கு மாறுகிறது. பாலைவன விலங்குதானே என்று குட்டியைக் காய்ந்த மணலில், மின்விளக்கின் சூட்டில் வைப்பார்கள். அப்படி வளர்ந்த ஆமையின் ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் கூம்பு கூம்பாகப் புடைத்துவிடும். ஒரு காலத்தில் இதைப் புரதம் மிகுந்த தீனியின் விளைவு என்றே எல்லோரும் நம்பினார்கள். சல்கேட்டா குட்டிகளை வெவ்வேறு ஈரப்பதத்தில் வளர்த்துப் பார்த்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, புரதத்தைவிடக் காற்றின் ஈரமே முக்கியம் என்று காட்டியது. காட்டில் குட்டிகள் ஈரம் தங்கிய வளைக்குள்ளும் புல் வேருக்கிடையிலும் பதுங்கித்தானே வளர்கின்றன. ஆகவே முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு, ஈரமாக்கிய தென்னைநார்த் தூளைத் தொட்டியில் பரப்பி, கதகதப்பாக வைத்திருங்கள். தினமும் ஒருமுறை தாடை மட்டத்துக்குக் கீழே இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் மணி நேரம் விடுங்கள். அப்போதுதான் தண்ணீர் குடிக்கும், கழிவும் போகும். காலை வெயில் கட்டாயம் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் புறஊதாக் கதிர் கிடைக்காது, அது இல்லாமல் சுண்ணாம்புச் சத்து எலும்பில் ஏறாது. டைல்ஸ் தரையில் வீட்டுக்குள்ளேயே வளரும் குட்டியின் ஓடு விரலால் அழுத்தினால் அமுங்கும். அந்த நிலைக்குப் போன ஓடு பழைய வடிவத்துக்குத் திரும்புவது அபூர்வம்.

ஓடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பலர் அதைச் சட்டைபோல, கழன்று வரக்கூடிய பொருளாக நினைக்கிறார்கள். அது முதுகெலும்பும் விலா எலும்பும் விரிந்து ஒன்றாகப் பிணைந்த உயிருள்ள எலும்பு. மேலே நகம்போன்ற மெல்லிய தகடு, அடியில் ரத்த ஓட்டமும் நரம்பும் உண்டு. ஓட்டோரத்தில் துளை போட்டுக் கயிறு கட்டுவதும், பெயிண்ட் அடிப்பதும், குழந்தையை மேலே உட்கார வைத்துப் படம் எடுப்பதும் அதற்கு வதைதான். தூக்கினால் இரு பக்கமும் ஏந்தி, மட்டமாகவே தூக்க வேண்டும்.

நம் ஊரில் குட்டி ஆமைக்கு எமன் நாய்தான். தெருநாயும் சரி, வீட்டு நாயும் சரி, எலும்பைக் கடிப்பதுபோல ஓட்டோரத்தைக் கடித்துக் குதறிவிடும். காகம், கீரி, பெருச்சாளி அடுத்த வரிசை. ஓரடி நீளம் வளரும்வரை மேலே வலை மூடிய கூண்டு இல்லாமல் வெளியே விடாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஆமையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். ஆமையின் குடலில் சால்மொனெல்லா கிருமி இருப்பது சாதாரணம். அமெரிக்காவில் 1975-ல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கவே தடை விதித்தது, வாயில் வைத்துக்கொண்ட குழந்தைகளுக்கு நோய் வந்ததால்தான். மருத்துவரை முன்பே விசாரித்து வையுங்கள். ஆடு மாடு பார்ப்பவர் எல்லோருக்கும் ஆமை பழக்கமில்லை. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வன பார்க்கும் மருத்துவர் யார் என்று ஆமை நன்றாக இருக்கும்போதே அங்கே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

திருட்டுப் பயமும் உண்டு. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணையிலிருந்தே 2021 நவம்பரில் ஓர் அல்டாப்ரா ஆமை களவு போனது. ஆகவே கொட்டிலுக்குப் பூட்டும் கதவும் தேவை. படத்தை ஊரெல்லாம் அனுப்பாமல் இருப்பது அதைவிட நல்லது.

இவ்வளவையும் படித்தபின், முன்பே வாங்கிவிட்டவர்கள் சிலர் 'எங்களால் முடியவில்லை, என்ன செய்வது' என்று கேட்கக்கூடும். முதலில், எங்கும் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். ஊர்க் கோயில் குளத்தில் விட்டால் நில ஆமை மூழ்கிச் சாகும். கரைவெட்டி ஏரிக் கரையில் விடலாம் என்று தோன்றினால் அதுவும் கூடாது. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம் அது. வெளிநாட்டு ஆமையும் அது சுமக்கும் நோயும் அங்குள்ள உயிர்களுக்கு ஆபத்து. தண்ணீரில் வளரும் சிவப்புக் காது ஆமையை வளர்ப்பவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும். அதை ஏரியில் விட்டால் சாகாது, பெருகும். நம் குளத்து ஆமைகளின் தீனியையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

பதிவுச் சான்று இருந்தால், இடமும் மனமும் உள்ள இன்னொருவருக்கு முறைப்படி மாற்றித் தந்து, அதைப் பரிவேஷில் தெரிவியுங்கள். சான்று இல்லையென்றால் அரியலூர் வனத்துறை அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுங்கள். எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்ற விவரமும் அலைபேசியில் இருக்கும் பழைய படங்களும் கையில் இருக்கட்டும். ஆமையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். எங்கே, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்கள் சொல்லும்வரை கொட்டிலிலேயே புல்லும் தண்ணீரும் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.